கார்மின் லைவ்ஸ்கோப் பிளஸ்: பாஸ் மீன் தூண்டில்காரர் காசு போடலாமா?

படகுக்கு எதிரே இருக்கும் மீனை ஒலியால் கண்டு திரையில் காட்டும் முன்னோக்கு சோனார் வாங்கக் கிளம்புபவர்கள் முதலில் விசாரிப்பது திரை எத்தனை அங்குலம் என்று. விசாரிக்க வேண்டியது வேறு: ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரை எதில் மாட்டப்போகிறோம், கரண்ட் எங்கிருந்து எடுக்கப்போகிறோம். கார்மின் லைவ்ஸ்கோப் பிளஸ் நல்ல கருவி, சந்தேகமில்லை. ஆனால் அதைப் பற்றி வரும் புகார்களைக் கிளறிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும்.

முதல் லைவ்ஸ்கோப் 2018-இல் வந்தது. தண்ணீருக்குள் எல்விஎஸ்32 என்ற டிரான்ஸ்டியூசர், படகுக்குள் ஜிஎல்எஸ்10 என்ற கறுப்புப் பெட்டி, இரண்டையும் சேர்த்துக் காட்ட ஒரு கார்மின் திரை. 2022-இல் டிரான்ஸ்டியூசரை மட்டும் எல்விஎஸ்34 என்று மாற்றி, பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். பழைய ஃபிஷ் ஃபைண்டர் படகுக்கு அடியில் கடந்து போனதை வரைந்து காட்டும். நீங்கள் பார்க்கும்போது மீன் அங்கே இருக்காது. இது அப்படியல்ல. ஒலிக்கற்றையை மின்னணு முறையில் திருப்பித் திருப்பி அனுப்பி, எதிரே என்ன நடக்கிறதோ அதை நடக்கும்போதே காட்டுகிறது. ஏழு கிராம் ஜிக் (கனமான தலை வைத்த தூண்டில் முள்) தண்ணீரில் விழுந்து இறங்குவது தெரியும். மீன் அதன் பக்கம் திரும்புவது தெரியும். திரும்பிவிட்டு வேண்டாமென்று போவதும் தெரியும், அதுதான் கொடுமை.

நூறடி தூரத்தில் 14 அங்குல இடைவெளிக்கும் குறைவாக இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டும், பழையதைவிட இதில் 35 சதவீதம் மேல் என்பது கார்மின் சொல்லும் கணக்கு. அலையில்லாத நீரில், டிரான்ஸ்டியூசர் ஆடாமல் இருந்தால் நம்பலாம். நடைமுறையில் எண்பதடிக்கு அப்பால் மீன் ஒரு தீற்றலாகத்தான் தெரியும். முப்பதிலிருந்து அறுபதடி வரைதான் இந்தக் கருவியின் ராஜ்ஜியம், தூண்டில் வீசவும் அதுவே வாகான தூரம்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஒலிக்கற்றையின் அகலம். மேலும் கீழுமாக 135 பாகை, பக்கவாட்டில் 20 பாகை. இருபது பாகை என்றால் நாற்பதடி தூரத்தில் ஏறக்குறைய 14 அடி அகலம். எண்பதடியில் 28 அடி. இந்த அகலம் முழுவதையும் திரை ஒரே தட்டையான படமாக அமுக்கிவிடுகிறது. அதனால் இரையும் மீனும் திரையில் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நிற்கும். தண்ணீரில் இரண்டுக்கும் நடுவே பத்தடி இருக்கும். "மீன் கண்டுகொள்ளவே இல்லை" என்ற புலம்பலில் பாதி இதுதான். மீனைப் பார்த்ததும் வீசக்கூடாது. டிரான்ஸ்டியூசர் மாட்டிய கம்பத்தை இடது வலதாக மெல்லத் திருப்பி, புள்ளி எந்தத் திசையில் மிகப் பிரகாசமாகிறதோ அதுதான் கற்றையின் நடு என்று உறுதி செய்துகொண்டு, கரையில் அந்தத் திசைக்கு நேராக ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளம் வைத்து வீச வேண்டும். வீசிய இரை திரையில் வரவேயில்லை என்றால் பக்கவாட்டில் தவறிவிட்டது என்று பொருள்; அதைத் தேடிக் கம்பத்தைத் திருப்பினால் மீன் கைவிட்டுப் போகும். சுற்றி எடுத்துத் திரும்ப வீசுவதே மேல்.

எதில் மாட்டுவது? படகை மெல்ல நகர்த்தும் சின்ன மின்மோட்டாரான டிரோலிங் மோட்டாரின் தண்டில் மாட்டலாம், தனிக் கம்பத்தில் மாட்டலாம். தண்டில் மாட்டினால் கூடுதல் செலவில்லை, மிதிப்பலகையை அழுத்தும் திசையிலேயே சோனாரும் பார்க்கும். காற்று அடிக்கும் நாளில் ஜிபிஎஸ் நங்கூரத்தைப் போட்டதும் வம்பு ஆரம்பமாகும். படகை ஒரே இடத்தில் நிறுத்த மோட்டார் தலையை விடாமல் திருப்பிக்கொண்டே இருக்கும். அதோடு சோனாரும் திரும்பும். திரையில் மீன் வந்து வந்து மறையும். தனிக் கம்பம் இருந்தால் மோட்டார் அதன் வேலையைப் பார்க்கும், கண் தன் வேலையைப் பார்க்கும். படகின் அணியத்தில் (முன்முனையில்) இன்னொரு கம்பம் நீட்டிக்கொண்டு நிற்பதும், இடையில் தூண்டில் நரம்பு மாட்டிக்கொள்வதும் அதற்குக் கொடுக்கும் விலை. காற்றோட்டமான பெரிய ஏரியில் பிடிப்பவர்கள் தயங்காமல் தனிக் கம்பத்துக்குப் போங்கள். சின்னக் குளம், அடைப்பான ஓடை என்றால் தண்டே போதும்.

தண்டில் மாட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மோட்டாரை மடக்கிப் படகில் படுக்கவைக்கும்போது மடங்கும் கீலுக்கு நடுவே கேபிள் நசுங்கும். இந்தக் கருவி சாகும் வழிகளில் இதுதான் பிரதானம். கேபிளைத் தண்டோடு இழுத்து விறைப்பாகக் கட்டாமல், மோட்டாரை நிமிர்த்தியும் மடக்கியும் முழுதாகத் திருப்பியும் பார்த்து, மூன்று நிலையிலும் இழுபடாத அளவுக்குத் தொங்கல் விட்டுக் கட்டுங்கள். மோட்டாரின் சொந்த வயரோடு சேர்த்துச் சுற்றவே கூடாது.

அடுத்தது கரண்ட். ஜிஎல்எஸ்10 பெட்டி சாதாரணமாக 21 வாட் இழுக்கும், 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர். பத்து அங்குலத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் இன்னும் இரண்டரை மூன்று. ஆக மணிக்கு நாலரை ஐந்து ஆம்பியர், எட்டு மணி நேரத்துக்கு நாற்பது ஆம்பியர்-அவர். 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரி 50 அல்லது 60 ஆம்பியர்-அவர் இருந்தால் சாயங்காலம் வரை கவலையில்லை. இஞ்சின் ஸ்டார்ட் பண்ணும் பேட்டரியிலேயே இதையும் கோத்தால், சாவி திருப்பியதும் வோல்ட் சரிந்து திரை அணைந்து மறுபடி எழும்பும்.

வயர் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. பின்பக்கப் பேட்டரியிலிருந்து அணியம் வரை இருபதடி. போய்த் திரும்ப நாற்பது. 16 கேஜ் வயரில் ஐந்து ஆம்பியர் ஓடினால் வழியிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். அதைவிடத் தடித்த 10 கேஜ் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. ஜிஎல்எஸ்10 பெட்டி 10 முதல் 32 வோல்ட் வரை தாங்கும். அதைப் படித்துவிட்டு 24 வோல்ட் டிரோலிங் பேட்டரியில் எல்லாவற்றையும் இணைக்கும் ஆட்கள் உண்டு. பெட்டி பிழைக்கும், கார்மினின் எக்கோமேப் வகைத் திரைக்கு உச்சவரம்பு 18 வோல்ட், அது பிழைக்காது.

மோட்டார் வேகத்தைக் கூட்டும்போது திரையில் புள்ளிப் புள்ளியாகக் கோடுகள் ஓடினால் சோனாரைக் குறை சொல்லாதீர்கள். மோட்டாரை அணையுங்கள். கோடு மறைந்தால் அது மோட்டாரின் மின் இரைச்சல். தனிப் பேட்டரியும், வயர்களைப் பிரித்து ஓட்டுவதும்தான் மருந்து. மோட்டாரை அணைத்தும் கோடு இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு படகு உங்களை நோக்கி நிற்கிறது என்றால், அவருடைய சோனார் உங்களுடையதில் விழுகிறது. திசை மாறினால் சரியாகிவிடும்.

செட்டிங்கில் அதிகம் நோண்ட வேண்டியதில்லை. தூரம் 60 அல்லது 80 அடி, ஆழம் தரையைவிட நாலைந்தடி கூடுதல், இரண்டையும் கையால் நிலையாக வையுங்கள். தானியங்கியில் விட்டால் படம் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும், கண் தூரத்தைப் பழகாது. கெயினை (சோனாரின் உணர்திறனை), தண்ணீர் முழுக்கப் பொரிப்பொரியாகத் தெரியும்வரை ஏற்றிவிட்டு, பொரி மறையும் இடத்துக்கு இறக்குங்கள். இரைச்சல் வடிகட்டியை அணைத்தே தொடங்குங்கள். அது பொரியோடு சேர்த்துச் சின்ன இரையையும் துடைத்துவிடும். கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் தூரம் சட்டென்று பிடிபடும்.

தெரிகிற புள்ளியெல்லாம் பாஸ் இல்லை. கெண்டை தரையோடு ஒட்டி ஒரே சீராக நகரும். கிராப்பி என்ற மீன் மூழ்கிய மரக்கிளைகளைச் சுற்றிக் கொத்தாகத் தொங்கும். கார் (gar) என்ற நீள்மூக்கு மீன் மேல்நீரில் குச்சிபோல நீளமாகக் கிடக்கும். பாஸ் தனியாகவோ மூன்று நாலாகவோ, பொடிமீன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று நின்று நகரும். இரை விழுந்ததும் தலை திரும்பும். உருவத்தைவிட நடத்தையைப் பாருங்கள். டிரம் மீன் மட்டும் அனுபவசாலியையும் ஏமாற்றும்.

இந்தக் கருவிக்கென்றே வளர்ந்த உத்தி, ஜிக் தலையில் ரப்பர் மினோ (பொடிமீன் வடிவ இரை) கோத்து நடுநீரில் நடுக்கிக்கொண்டே வருவது. ஏழடி மீடியம் லைட் ஸ்பின்னிங் ராடு, 2500 அல்லது 3000 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), முனையில் 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (முனைநரம்பு), 5 முதல் 7 கிராம் வரை ஜிக் தலை, நாலு அங்குல மினோ. மீனுக்கு அப்பால் பத்துப் பதினைந்தடி தள்ளி வீசி, இறங்கவிட்டு, மீனின் தலைக்கு இரண்டு மூன்றடி மேலே வரும்போது சுற்ற ஆரம்பிக்க வேண்டும். பாஸ் மேலே பார்த்து வேட்டையாடும். தனக்குக் கீழே போன இரைக்கு அநேகமாகத் திரும்பாது. நரம்பைத் தளர்வாக விட்டு, மணிக்கட்டால் இடைவிடாமல் சிறு நடுக்கம் கொடுத்தபடி மெதுவாகச் சுற்றுங்கள். மீன் பின்தொடர்ந்தால் நிறுத்தாதீர்கள். எல்லாரும் செய்யும் பிழை அங்கேதான்: பரபரப்பில் கை நின்றுவிடும், இரை செத்ததுபோல் விழும், மீன் திரும்பிவிடும். நிறுத்துவதற்குப் பதிலாகக் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள், தப்பி ஓடுவதுபோல.

ரப்பரை முள்ளில் கோப்பதில் நேர்த்தி வேண்டும். முள் முதுகின் நடுக்கோட்டில் வெளிவராமல் கொஞ்சம் கோணினாலும் இரை பம்பரமாகச் சுழலும், நரம்பு முறுக்கேறும், தெளிந்த நீரில் மீன் கிட்டவே வராது. வீசுவதற்கு முன் படகின் ஓரத்தில் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிடுங்கள். ஒரே மீன் இரண்டு தடவை வந்து திரும்பினால் இரையை மாற்றுங்கள். மூன்றாவது தடவையும் அப்படியே என்றால் அதை விட்டுவிட்டு நகருங்கள். திரையில் தெரிகிறதே என்று ஒரே மீனுக்கு முக்கால் மணி நேரம் தவம் கிடப்பது இந்தத் தொழில்நுட்பம் கொண்டுவந்த புது வியாதி.

முப்பதடிக்குக் கீழிருந்து இழுக்கும் பாஸுக்குக் காற்றுப்பை உப்பிக்கொள்ளும். விடும்போது வயிறு மேலாக மிதந்தால் அது பிழைப்பது சந்தேகம். பிடித்து விடுகிற பழக்கம் உள்ளவர்கள் அந்த ஆழத்து மீனைத் திரையில் பார்த்ததோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எங்கே உதவாது? நாலைந்து அடிக்குக் குறைந்த நீரில் பெரிய பயனில்லை. ஹைட்ரில்லா, மில்ஃபாய்ல் போன்ற அடர்ந்த பாசிக்குள் ஒலி போகாது. லார்ஜ்மவுத் வகைப் பாஸைப் பாசிக்குள்ளும் படகுத்துறைக் கால்களுக்கு நடுவிலும் தேடுபவருக்கு இது விலை உயர்ந்த அலங்காரம்தான். தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீனும் சரியாகத் தெரியாது. டொரண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஸ்மால்மவுத் வகைப் பாஸ் பிடிக்கும் நம்மவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே மீன் கோபி என்ற சின்னத் தரைமீனைத் தேடிப் பாறை மேல் வயிறு படப் படுத்திருக்கும்போது திரை காலியாகக் காட்டும். அதை நம்பி நகர்ந்துவிடக் கூடாது.

அமெரிக்காவின் தொழில்முறை பாஸ் போட்டிகளில் இதற்குக் கடிவாளம் விழுந்துவிட்டது. 2025-இல் பி.ஏ.எஸ்.எஸ். எலைட் தொடரில் ஒரு படகுக்கு ஒரே முன்னோக்கு டிரான்ஸ்டியூசர், திரைகள் மொத்தம் 55 அங்குலம் என்று வரம்பு வைத்தார்கள். மேஜர் லீக் ஃபிஷிங் தன் பாஸ் புரோ டூரில் நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அனுமதித்தது. என்.பி.எஃப்.எல். என்ற இன்னொரு போட்டித் தொடர் அடியோடு தடை செய்தது. உள்ளூர் கிளப் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் பணத்தைக் கட்டுமுன் விதியை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை, டிரான்ஸ்டியூசரும் பெட்டியும் சேர்ந்து கேட்பதோடு முடியாது. திரை, தனிக் கம்பம், லித்தியம் பேட்டரி, வயர் எல்லாம் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வந்து நிற்கும். படகில் ஏற்கனவே லோரன்ஸ் அல்லது ஹம்மின்பேர்ட் திரை இருந்தால் லைவ்ஸ்கோப் அதில் ஓடாது. அவரவர் திரைக்கு அவரவர் கருவி. அப்படிப்பட்டவர்கள் லோரன்ஸின் ஆக்டிவ் டார்கெட், ஹம்மின்பேர்டின் மெகா லைவ் பக்கம் போவதே சிக்கனம். 500 அடி வரை பார்க்கும் கார்மினின் எக்ஸ்ஆர் டிரான்ஸ்டியூசர் பாஸுக்குத் தேவையே இல்லை.

கை கொஞ்சம் இறுக்கம் என்றால் பழைய எல்விஎஸ்32-ஐ இரண்டாம் கையில் வாங்குவது மோசமான யோசனை அல்ல. ஐம்பதடிக்குள் வித்தியாசம் பெரிதாக உறுத்தாது. பிற்பாடு ஜிஎல்எஸ்10 பெட்டியை வைத்துக்கொண்டு, மென்பொருளைப் புதுப்பித்து, டிரான்ஸ்டியூசரை மட்டும் எல்விஎஸ்34-க்கு மாற்றிக்கொள்ளலாம். பழையது வாங்கும்போது கேபிளை முழு நீளமும் விரலால் தடவிப் பாருங்கள், முக்கியமாக மோட்டார் மடங்கும் இடத்தில். இணைப்பு முனையைத் திறந்து, ஊசி வளைந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகத் தண்ணீரில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கரையில் வைத்துத் திரை எரிவதைக் காட்டினால் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.