அச்சு முறுக்கு அச்சு: எதை வாங்கலாம், எப்படிப் பழக்கலாம்?

கிறிஸ்துமஸ் பலகாரங்களில் முழுக்க முழுக்கக் கருவியை நம்பி நிற்பது அச்சு முறுக்குதான். கல்கல் உருட்ட முள்கரண்டி இல்லையென்றால் புதுச் சீப்பு போதும். பிளம் கேக்குக்குத் தனி டின் இல்லையென்றால் குக்கருக்குள் வைக்கும் பாத்திரத்திலேயே ஊற்றலாம். அச்சு முறுக்குக்கு அப்படி மாற்று வழி கிடையாது. மாவின் அளவு கிராம் பிசகாமல் இருந்தும் அச்சு சரியில்லை என்றால் ஒன்று மாவு அதிலேயே ஒட்டிக் கருகும், இல்லை கிண்ணத்தைவிட்டே வராது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பாத்திரக் கடைகளிலும், இப்போது இணையக் கடைகளிலும் இந்த அச்சு இரும்பு, பித்தளை, அலுமினியம், நான்ஸ்டிக் என்று நான்கு வகையாகக் கிடைக்கிறது. பார்க்க எல்லாம் ஒரே பூதான். அடுப்பில் ஏறினால் நான்கும் நான்கு விதம்.

அச்சு செய்யும் வேலை என்னவென்று தெரிந்தால் தேர்வு எளிது. சூடான உலோகம் மாவைத் தொட்டவுடன், அதை ஒட்டிய மாவு வெந்து மெல்லிய தோலாகப் பிடிக்கும். எண்ணெயில் இறக்கியதும் அந்தத் தோலில் உள்ள ஈரம் ஆவியாக வெளியேறி, தோல் இறுகும். அச்சுக்கும் தோலுக்கும் நடுவே எண்ணெய் இறங்கிவிடும். அதன்பின் லேசாக ஆட்டினாலே முறுக்கு கழன்றுவிடும். ஆக, அச்சுக்கு வேண்டியவை இரண்டு குணங்கள்: மாவில் வைத்த பிறகும் சூடு குறையாமல் இருக்கக் கனம், எண்ணெய் ஊறி வழுவழுப்பான மேற்பரப்பு.

வார்ப்பிரும்பு அச்சு இரண்டையும் தரும். எங்கள் முதல் பரிந்துரை இதுதான். புதிதில் சொரசொரப்பாக இருக்கும், பழக்காமல் எண்ணெயில் இறக்கினால் முதல் ஈடு முழுவதும் வீண். ஆனால் ஒருமுறை பழகிய இரும்பு அச்சு வருடத்துக்கு வருடம் மேம்படும். ஒரு முறுக்கை விட்டதும் அடுத்ததற்குத் தயாராக எண்ணெயில் பத்துப் பதினைந்து நொடி இருந்தால் போதும், வேலை தடைபடாமல் ஓடும். குறை என்றால் துரு. டிசம்பர் மழைக்காலத்தில் ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டுவைத்தாலே மேலே செம்மண் நிறம் படர்ந்துவிடும்.

பித்தளை அச்சு அழகிலும் நுணுக்கத்திலும் முந்தும். இதழ்களின் ஓரம் கூர்மையாக விழும், துருப்பிடிக்காது, சூட்டையும் நன்றாகப் பிடித்துவைக்கும். எடைக்கு ஏற்ற விலை என்பதால் இரும்பைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. சில புது அச்சுகளில் பளபளப்புக்காக மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். அதை நன்றாக எடுத்த பிறகே எண்ணெயில் இறக்க வேண்டும். இன்னொன்று, பண்டிகை வந்ததும் வீட்டுப் பித்தளைச் சாமான்களோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிடுவார்கள். பளபளப்போடு அச்சில் படிந்திருந்த எண்ணெய்ப் படலமும் போய்விடும், மறுநாள் முறுக்கு ஒட்டும். பித்தளை அச்சு மங்கலாக, பழுப்பாக இருப்பதுதான் நல்லது.

அலுமினியம் விலை குறைவு, கை வலிக்காது. சட்டென்று சூடாகும், அதே வேகத்தில் ஆறியும்விடும். எடை குறைவாக இருப்பதால் மாவில் வைத்த நொடியே பாதிச் சூடு போய்விடும். ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்துக்கு மேல் எண்ணெயில் காயவிட வேண்டியிருக்கும். ஐம்பது முறுக்கு சுடும் வேலையில் அந்த அரை நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால் விலையில் மிச்சம் பிடித்தது பெரிதாகத் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை இருபது முறுக்கு மட்டும் போதும் என்பவர்கள் வாங்கலாம்.

நான்ஸ்டிக் அச்சை வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். முதல் நாள் பழக்காமலேயே வேலை செய்யும், உண்மைதான். ஆனால் முறுக்கு கழலாதபோது கத்தி முனையாலோ கம்பியாலோ தள்ளாமல் இருக்க முடியாது, தள்ளினால் பூச்சில் கீறல் விழும், கீறிய இடத்தில் மாவு ஒட்டும். அவசரத்தில் அச்சை நேரடியாக அடுப்புத் தீயில் காட்டுபவர்களும் உண்டு. நான்ஸ்டிக் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். தீயில் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். சாப்பிடும் பண்டத்தில் அந்த அபாயம் எதற்கு?

கடையில் அச்சைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதழ்களின் சுவர். மாவில் முங்கும் கீழ் ஓரம் மெலிந்தும், மேலே போகப்போகச் சற்றே தடித்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் முறுக்கு கீழ்நோக்கி வழுக்கி வரும். கீழ் ஓரம் தடித்து மேலே ஒடுங்கியிருந்தால், எவ்வளவு பழக்கினாலும் முறுக்கு மாட்டிக்கொண்டு உடையும். அடுத்து ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வார்ப்பில் மிஞ்சிய பிசிறு தட்டினால் வேறு அச்சு கேளுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து எடுத்துவிடலாம். அச்சைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்து ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் ஒரு பக்கம் ஆழமாக முங்கி, மாவு மேல் விளிம்பு வரை ஏறிவிடும்.

கைப்பிடி ஒரு அடி நீளமாவது இருக்கட்டும், பிடிக்கும் இடத்தில் மரம் இருந்தால் நல்லது. திருகிக் கழற்றும் கைப்பிடியோடு நான்கைந்து வடிவங்கள் தரும் செட் ஆசையைக் கிளப்பும்; சூட்டில் திருகு தளர்ந்து அச்சு எண்ணெய்க்குள் விழும் வாய்ப்பு அதில் உண்டு. ஒரே கம்பியில் இரட்டை அச்சு உள்ளதற்கு அகலமான வாணலியும் நிறைய எண்ணெயும் தேவை; வீட்டுக்கு அது சரிப்படாது. அதற்குப் பதில் ஒரே அளவில் இரண்டு தனி இரும்பு அச்சு வாங்குங்கள். ஒன்றில் முறுக்கு வேகும்போது இன்னொன்று எண்ணெயில் காய்ந்துகொண்டிருக்கும். வேலை ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

இனிப் பழக்குவது. புது இரும்பு அச்சைச் சோப்புப் போட்டு ஒரே ஒருமுறை கழுவி, அரிசி வடித்த கஞ்சியில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் நாரால் தேய்த்துக் கழுவி, துடைத்து, அடுப்பின் அனலில் ஈரம் போகக் காயவையுங்கள். பிறகு சிறிய சட்டியில் அச்சு முங்கும் அளவு எண்ணெய் ஊற்றி, மிகக் குறைந்த தீயில் இருபது நிமிடம் வைத்து அணைத்து, அந்த எண்ணெயிலேயே ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். இதை இரண்டு நாள் செய்தால் அச்சு கறுத்து மினுங்கும். பித்தளைக்கும் எண்ணெயில் வைக்கும் வேலை இதேதான்; கஞ்சி தேவையில்லை. இவ்வளவு செய்தும் முதல் மூன்று நான்கு முறுக்கு உடையலாம். அதற்காக மாவில் கை வைக்காதீர்கள், ஐந்தாவது சரியாக வரும்.

மாவுக்கு: பச்சரிசி மாவு 250 கிராம், மைதா 50 கிராம், பொடித்த சீனி 100 கிராம், முட்டை 1, கெட்டித் தேங்காய்ப்பால் 200 மி.லி., தண்ணீர் 100 மி.லி., உப்பு அரை டீஸ்பூன், கறுப்பு எள் ஒரு டேபிள்ஸ்பூன், ஏலக்காய்ப்பொடி கொஞ்சம். அரிசி மாவு நைசாக, சலித்ததாக இருக்க வேண்டும். கலந்து அரை மணி நேரம் வைத்தால் அரிசி மாவு நீரை இழுத்துக் கெட்டியாகும். அப்போது பார்த்து இன்னும் 50 மி.லி. வரை தண்ணீர் சேர்க்கலாம். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக நிற்க வேண்டும், கட்டியாக வழியக் கூடாது. முட்டை வேண்டாம் என்றால் மைதாவை 80 கிராமாக உயர்த்துங்கள். முறுக்கு சற்று எளிதில் நொறுங்கும், ருசி குறையாது. சீனியைப் பொடிக்காமல் போடுவது பெரிய தப்பு. கரையாத சீனி அச்சின் சூட்டில் கருகி ஒட்டும், அந்த இடத்தில் அடுத்த முறுக்கும் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு விடுங்கள்: கீழே போய் உடனே மேலே வர வேண்டும், வந்ததும் சிவந்துவிடக் கூடாது. குழிவான சிறிய வாணலியில் மூன்று அங்குல ஆழம் எண்ணெய் இருந்தால் அச்சு அடியில் தட்டாது. குமரி மாவட்டத்தில் தேங்காய் எண்ணெயில் சுடுவார்கள், அந்த வாசத்துக்கு ஈடில்லை. தீ கூடினால் சீக்கிரம் புகையும் என்பதால் அதில் 170-ஐத் தாண்டவிடாதீர்கள்.

அச்சு எண்ணெயில் காய்ந்ததும் எடுத்து, எண்ணெய் வடிய ஒரு நொடி பிடித்து, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். “சுர்” என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் அச்சு ஆறிவிட்டது, மாவு பிடிக்காது. சத்தம் பலமாக வந்து மாவு பொங்கினால் அளவுக்கு மிஞ்சிய சூடு, மாவு வெந்து கிண்ணத்துக்குள்ளேயே உதிரும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும், உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெயில் இறக்கி இருபது நொடி பொறுத்து மெல்ல ஆட்டினால் கழன்றுவிடும். பிறகு திருப்பிவிட்டு, நுரை அடங்கிப் பொன்னிறம் வரும்வரை விடுங்கள். மொத்தம் ஒன்றரை, இரண்டு நிமிடம். எடுக்கும்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு.

மாவை அகலமான பாத்திரத்தில் மொத்தமாக வைக்காமல், அச்சைவிடக் கொஞ்சமே பெரிய கிண்ணத்தில் பாதிப்பாதியாக ஊற்றிக்கொள்ளுங்கள். சூடான அச்சு திரும்பத் திரும்ப முங்குவதால் கிண்ணத்து மாவு வெதுவெதுப்பாகிக் கெட்டிப்படும், அரிசி மாவு அடியிலும் தங்கும். ஐந்தாறு முறுக்குக்கு ஒருமுறை கலக்கி, புது மாவு ஊற்றினால் கடைசி முறுக்கும் முதல் முறுக்கைப் போலவே மெலிதாக வரும். நடுவில் முறுக்கு தடிப்பாக வரத் தொடங்கினால் அது அச்சின் குறையல்ல. இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டால் சரியாகும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பே சுட்டுவைக்கலாம். முழுக்க ஆறிய பிறகு காற்றுப் புகாத டின்னில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி தங்கி மறுநாளே நமுத்துப் போகும். மழையில் நமுத்துவிட்டால் ஓவனில் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

வேலை முடிந்ததும் அச்சைச் சோப்பில் கழுவக் கூடாது. சூடு இருக்கும்போதே பழைய பருத்தித் துணியால் துடைத்து, இதழ் இடுக்குகளில் தங்கிய துணுக்குகளை மூங்கில் குச்சியால் எடுத்து, எண்ணெய் தடவித் தாளில் சுற்றி வையுங்கள். அடுத்த டிசம்பர்வரை சும்மா கிடக்க வேண்டியதில்லை. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடும் கொக்கிஸுக்கும் இதே அச்சுதான். அரிசி மாவு, தேங்காய்ப்பால், உப்பு, மஞ்சள் போதும், அச்சும் பழக்கம் விடாமல் இருக்கும்.