விமானம் ஏறுவதா, திரையில் சந்திப்பதா?

செவிலியர் மாணவர்கள் பிற பண்பாடுகளைப் புரிந்துகொள்ள வேண்டுமா, வெளிநாட்டுக்கு அனுப்புங்கள் என்பது பழைய விடை. அதில் உண்மை இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் மருந்துக்கடை வாசலில் நின்று விழித்தவருக்கு, புலம்பெயர்ந்த நோயாளியின் தவிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. திரை அதைத் தராது. ஆனால் காசு, விசா, வீட்டுப் பொறுப்பு என்று வடிகட்டினால் வகுப்பில் மிஞ்சுவது சிலர்தான். அவர்களும் பெரும்பாலும் வார்டில் ஓரமாக நின்று பார்க்கலாம், அவ்வளவே. அந்த நாட்டில் பதிவு பெறாதவரை நோயாளியைக் கவனிக்க எளிதில் விடமாட்டார்கள்.

வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களைத் திரையில் சந்திக்கும் இணையவழிப் பரிமாற்றத்தில் முழு வகுப்பும் கலந்துகொள்ளலாம். சரி, எந்தப் பரிமாற்றம்? ஜூமில் கூடி, சாப்பாடு, திருவிழாப் படங்களைக் காட்டிக் கையசைத்துப் பிரிவது ஒரு வகை. ஆங்கிலம் சரளமாக வருபவர்களே பேசுவார்கள். மற்றவர்கள் கேமராவை அணைத்துவிடுவார்கள். இதற்கு ஒரு நல்ல ஆவணப்படமே போதும்.

இன்னொன்று, இரு நாட்டு ஆசிரியர்களும் சேர்ந்து பாடம் வகுத்து, மாணவர்களைக் கலப்புக் குழுக்களாக்கிச் சில வாரம் ஒரே வேலையைச் செய்யவைப்பது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கென்றே 2006-இல் ஒரு மையம் தொடங்கியது.

என் ஓட்டு இதற்குத்தான். உதாரணமாக, கற்பனையான ஒரு நோயாளி, முற்றிய புற்றுநோய். "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்கிறார் மகள். செவிலியர் என்ன செய்வார்? ஒவ்வொருவரும் தனியாக எழுதிய பிறகே மற்றவர் பதிலைப் பார்க்கலாம். நோயாளியின் உரிமை என்று ஒருவர் எழுதியிருப்பார், குடும்பத்தின் முடிவு என்று இன்னொருவர். ஒரே நாட்டு மாணவர்களுக்குள்ளேயே கருத்து பிளவுபடலாம். அப்போது ‘அந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான்’ என்ற பேச்சும் அடிபட்டுப் போகும். "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்ற கேள்வி வரும்போதுதான், இயல்பு என்று எண்ணியிருந்தது தன் வளர்ப்பு என்று தெரியவரும். பண்பாட்டு விழிப்புணர்வில் தன் சார்புகளைச் சோதிப்பதும் அடக்கம் என்கிறார் செவிலியியல் அறிஞர் ஜோசஃபா கம்பின்ஹா-பகோட். எழுத்தில் நடப்பதால் ஆங்கிலம் தடுமாறுபவருக்கும் யோசிக்க அவகாசம் உண்டு. நேர வேறுபாடும் பெரிய தொல்லையில்லை.

எழுத்து மட்டும் போதாது. முகம் பார்க்காத குழு சீக்கிரம் சோர்ந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் நேரலைச் சந்திப்பு வேண்டும். அப்புறம் மதிப்பெண். ஒரு கல்லூரியில் உண்டு, மற்றதில் இல்லை என்றால், தேர்வு நெருங்கியதும் ஒரு பக்கத்திலிருந்து பதில் வருவது நின்றுவிடும்.