காஞ்சிபுரத்துக்கு இரண்டு 48: எதில் போகலாம்?

எனக்கு வீடு பெருங்களத்தூரில், அம்மா இருப்பது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் காரில் போய்வருகிறேன். இப்போது போவது வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில்தான். முதல் ஒரு வருடம் நானும் பெங்களூரு நெடுஞ்சாலைக்காரன்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் எண் 48. ஒன்று மாநில நெடுஞ்சாலை 48. மற்றது பழைய 4-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. 2010-இல் எண்களை மாற்றியபோது அதுவும் 48 ஆகிவிட்டது. நல்லவேளை, எண்ணைச் சொல்லி இங்கே யாரும் வழி சொல்வதில்லை.

பெங்களூரு சாலையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் ஏறி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகக் காஞ்சிபுரம். அகலமான சாலை, வழியெல்லாம் ஓட்டல், பங்க். சுங்கம் கட்டவேண்டும், எங்கள் பக்கத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடுதல். பூந்தமல்லி, போரூர்க்காரர்களுக்கு இதுதான் வழி, அவர்கள் மேலே படிக்கவேண்டாம்.

வண்டலூர் சாலை 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். உயிரியல் பூங்கா பக்கம் ஆரம்பித்து மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் காஞ்சிபுரம் போவது செங்கல்பட்டிலிருந்து வரும் சாலை. படப்பையிலிருந்து வடக்கே திரும்பினால் மணிமங்கலம். 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மனின் பல்லவப் படை இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்று. வாலாஜாபாத்தின் பெயர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவிடமிருந்து வந்தது. ஒரு காலத்தில் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தளம். இன்று பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அகலமில்லாமல், ஏரியும் வயலுமாகக் கிடந்த இந்தச் சாலையைப் புரட்டிப்போட்டது ஒரகடம்தான். ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறந்தது, டெய்ம்லரின் லாரி ஆலை 2012-இல். சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலை குறுக்கே வெட்டும் இடத்தில் மேம்பாலமே வந்துவிட்டது. கிராமத்துச் சாலை என்று நினைத்து வருகிறவர்கள் ஒரகடத்தில் திகைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, நெரிசலுக்கு வருவோம். என்னை மாற்றியது அதுதான். நெரிசல் இரண்டிலும் உண்டு. ஆனால் ஒரகடத்து நெரிசலுக்கு நேரம் உண்டு. ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வரும். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். நாலைந்து வாரம் போய்வந்தால் அந்தக் கடிகாரம் நமக்குப் பழகிவிடும். நான் காலை எட்டரைக்குக் கிளம்புகிறேன், திரும்பும்போது மாலை ஷிப்டு கலைந்தபின் ஒரகடத்தைத் தாண்டுகிறேன். படப்பை கடைத்தெருவில் ஐந்து நிமிடம் போகும். அவ்வளவுதான்.

பெங்களூரு சாலையில் அந்தக் கணக்கு எடுபடாது. எங்கோ வேலை நடக்கும், சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுவார்கள், முன்னால் ஒரு டிரெய்லர் நின்றுவிடும். முகூர்த்த நாளில் பட்டு எடுக்கப் போகிறவர்களின் வண்டிகள் வேறு. ஒரு ஆவணி மாதம் சுங்குவார்சத்திரத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். டீ விற்றுக்கொண்டு வந்தவர்தான், "ஏன் சார் நிக்கறீங்க, ஊருக்குள்ள லெப்ட் எடுத்து வாலாஜாபாத் போயிடுங்க" என்றார். போனேன். அன்று வாலாஜாபாத்தை அடைந்தவன், அடுத்த வாரம் வண்டலூரிலிருந்தே நேராக அங்கே வந்தேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு போய், பாலாற்றை ஒட்டிப் பழையசீவரம் வழியாக. மூன்று முறைதான் போயிருக்கிறேன், அதுவும் கோடையில். மூன்று வழியிலும் அழகு இதற்குத்தான். பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல் கோயில். அங்கே மருத்துவமனை நடந்ததைச் சொல்லும் வீரராஜேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஒரு நாளை ஒதுக்கிப் போகலாம். வாராவாரம் போக எனக்குக் கட்டுப்படியாகாது, பரனூரில் சுங்கம் வேறு.

வண்டலூர் சாலையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். இரவில் ஒரகடத்துக்கு மேற்கே மாடுகள் சாலையில் படுத்திருக்கும். அடைமழை இரவுகளில் நானே நெடுஞ்சாலையில்தான் திரும்பியிருக்கிறேன்.

மற்றபடி, வாலாஜாபாத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது அம்மாவுக்குப் போன் போடுவேன். அப்புறம்தான் அவர் குக்கரை அடுப்பில் வைப்பார். வீட்டுக்குள் நுழையும்போது சாதம் ஆவி பறக்க இருக்கும். சுங்குவார்சத்திரத்திலிருந்து போன் போட்ட காலத்தில் பல நாள் ஆறிய சாதம்தான்.