மான்ஸ்டெராவுக்குத் தொட்டி மாற்றுதல்: எது நின்றது, எது நிற்கவில்லை

மான்ஸ்டெராவுக்குத் தொட்டி மாற்றப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது, "எவ்வளவு பெரிய தொட்டி வாங்கணும்?" என்றுதான். ஒரே செடியைச் சில வருஷங்களாக வீட்டுக்குள் வைத்து, தொட்டியையும் மண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், அது இரண்டாவது கேள்வி என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்வி எந்த மண் கலவை என்பது. போட்ட அன்று எந்தக் கலவையும் பொலபொலவென்று நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டி அது எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது மான்ஸ்டெரா டெலிசியோசா. பெரிய இலை, இலையில் ஓட்டை, எல்லாரும் படத்தில் பார்க்கும் அதே ரகம். சென்னையில் அடுக்குமாடி வீடு, கிழக்கு ஜன்னல், காலை வெயில் மட்டும். இது தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரைக்குமான மழைக்காட்டுச் செடி. தரையில் முளைத்து, பக்கத்து மரத்தைப் பிடித்து ஏறும். வேர் ஓடுவது மட்கிய இலையிலும் மரப்பட்டையிலும். அதாவது ஈரம் வேண்டும், அதே அளவு காற்றும் வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் தானாகவே புரியும்.

வாங்கி வந்தபோது செடி நின்றது கெட்டிக் களிமண் உருண்டையில். சென்னை நர்சரிகளுக்கு நிறையச் செடிகள் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. அவ்வளவு தூரம் குலுங்கி வர அந்த மாதிரி ஒட்டுமண் வசதிதான். வீட்டுக்குள் வைத்தால் அதுவே வினை. உருண்டையை அப்படியே புது மண்ணுக்குள் இறக்கினால், ஊற்றுகிற தண்ணீர் சுற்றியுள்ள இளக்கமான மண் வழியே ஓடிவிடும். நடுவில் இருக்கும் களி ஒன்று காய்ந்து கல்லாகும், இல்லையென்றால் வாரக்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். அதனால் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்தேன். பொறுமை வேண்டிய வேலை. மெல்லிய வேர் கொஞ்சம் அறுந்தது, கீழ் இலை ஒன்று பழுத்தது, ஒரு மாதத்துக்கு மேல் செடி அசையாமல் நின்றது. அப்புறம் கிளம்பிவிட்டது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சேம்பு, கருணை, சேனை எல்லாம் இதற்குச் சொந்தம்தான். கிழங்கு நறுக்கினால் கை அரிப்பதற்குக் காரணமான அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் சாற்றிலும் உண்டு. நாய், பூனை, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வெட்டிய துண்டுகளைத் தரையில் விட்டுவைக்க வேண்டாம்.

முதலில் போட்டது இணையத்தில் எங்கும் சொல்லப்படும் கலவை: பாதிக்குமேல் கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்), மீதி மண்புழு உரமும் பெர்லைட்டும் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்). முதல் வருஷம் குறையே சொல்ல முடியாது. இலைக்கு மேல் இலை. அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. மண் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது, மேலே ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் தேங்கியது, மண்ணைக் கிளறினால் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தன. செடியை உருவிப் பார்த்தபோது மேல் பாதி சரி. அடிப்பாதி கறுத்து, சாக்கடை வாடை. மண்புழு உரத்தின் நைசான தூள் கீழே இறங்கி எல்லா இடுக்கையும் அடைத்திருந்தது. பெர்லைட் லேசு, மேலிருந்து ஊற்ற ஊற்ற மிதந்து மேலே வந்து வெள்ளையாகத் தெரிந்தது. இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. கோகோ பீட்டைக் குறை சொல்ல மாட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் வண்டி வண்டியாகக் கிடைக்கும் பொருள், விலையும் கையைக் கடிக்காது. முழு வேலையையும் அதன் தலையில் மட்டும் கட்டக் கூடாது, அவ்வளவுதான். கட்டியாக வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். அதில் உப்பு இருக்கும்.

இப்போது ஓடுவது வேறு கலவை. தேங்காய் மட்டைத் துண்டுகள், ஹஸ்க் சிப்ஸ் என்று விற்கிறார்களே, அது பாதி. கால் பங்கு அடுப்புக்கரி, பட்டாணி அளவுக்கு உடைத்தது. மிச்சம் கோகோ பீட், ஒரு கை மண்புழு உரம், சிறிது வேப்பம் புண்ணாக்கு. மட்டைத் துண்டையும் ஊறவைத்துத் தண்ணீர் மாற்ற வேண்டும். டிக்காஷன் நிறத்தில் சாயம் இறங்கும், பயப்பட வேண்டாம். கரியில் சொல்லிக்கொள்ளும்படி உரச்சத்து இல்லை. அது மட்காது, நசுங்காது, அதனால் காற்றுக்கான இடம் அப்படியே இருக்கும். அதற்காகத்தான் போடுகிறேன். முந்தைய கலவை உட்கார்ந்துபோன காலத்தைத் தாண்டியும் இது இன்னும் நிற்கிறது. ஊற்றினால் சில நொடியில் கீழே வடிகிறது. குறை ஒன்று உண்டு: சீக்கிரம் காயும். கத்திரி வெயிலில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் கேட்கும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. கோகோ பீட்டைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். உரமும் நாம்தான் மாதாமாதம் கொடுக்க வேண்டும், கலவையில் சாப்பாடு குறைவு.

தொட்டிக்கு வருவோம். மண் தொட்டிதான் நல்லது என்பது பொதுவான நம்பிக்கை. சுவர் வழியே ஈரம் ஆவியாகும் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சில மாதத்திலேயே வெளிப்பக்கம் முழுக்க வெள்ளை உப்பு பூத்தது. அதைவிட, மான்ஸ்டெராவின் தடித்த வேர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை எடுக்கும்போது தொட்டியை உடைக்க வேண்டும், அல்லது வேரை அறுக்க வேண்டும். இப்போது சாதாரண பிளாஸ்டிக் தொட்டிதான், அழகுக்கு வெளியே ஒரு பீங்கான் தொட்டி. அடியில் தண்ணீர் தேக்கும் தானியங்கித் தொட்டியும் வாங்கிப் பார்த்தேன். வேர் அந்தத் தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் படுத்துக்கொண்டது. மூடி சரியாக உட்காராததால் கொசுப் புழு வேறு. டெங்கு சீசனில் மாநகராட்சி ஆட்கள் வந்து தட்டைத் தூக்கிப் பார்க்கும் ஊரில் இது தேவையில்லாத தலைவலி. வாய் குறுகி வயிறு பெருத்த தொட்டி கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். செடி உள்ளே போகும், திரும்ப வராது.

அளவு? பழையதைவிட இரண்டு அங்குலம் அகலம் கூடினால் போதும். வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் சும்மா நிற்கும். அடியில் ஜல்லி போடும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். பொடியான மண்ணிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. ஈரம் தேங்கும் அடுக்கு அப்படியே மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வரும். ஓட்டையை மூட வலைத்துண்டு ஒன்று போதும்.

எப்போது மாற்றுவது என்பதில் வெளிநாட்டு வீடியோக்களை நம்பிப் பயனில்லை. அவர்கள் சொல்லும் வசந்தம் நமக்குப் பங்குனி சித்திரை, வெயில் ஏறும் நேரம். மாசியில் மாற்றலாம், இல்லையென்றால் ஆடிக்குப் பிறகு. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வெளிச்சமும் குறைவு, மண்ணும் காயாது. அறுந்த வேர் ஆறுவதற்குள் அழுகிவிடும். மாற்றிய பிறகு இலை தொங்கினால் உடனே இன்னொரு செம்பு ஊற்றாதீர்கள். இரண்டு வாரம் வெயில் படாமல் நிழலில் வைத்தாலே நிமிர்ந்துவிடும். புது வேர் வரும்வரை உரமும் வேண்டாம்.

ஏறுவதற்கான கம்பத்தைத் தொட்டி மாற்றும் அன்றே நட்டுவிட வேண்டும். பிறகு குத்தினால் வேரைத் துளைக்கும். கயிறு சுற்றிய பிளாஸ்டிக் குழாய்க் கம்பம்தான் எங்கும் கிடைக்கிறது. என் அனுபவத்தில் அதன் கயிறு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, தண்டிலிருந்து வெளியே நீளும் காற்றுவேர் அதற்குள் போவதே இல்லை. கட்டி நிறுத்தலாம், அவ்வளவுதான். நான் காற்றுவேரை வளைத்துத் தொட்டி மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டேன். அது உள்ளே போனதும் கிளை பிரிந்து நன்றாகவே தண்ணீர் இழுக்கிறது.

இப்போது பன்னிரண்டு அங்குலத் தொட்டி. இதற்கு மேல் போனால் ஒற்றை ஆளாக நகர்த்த முடியாது. அடுத்த ஆடி முடிந்ததும் தொட்டியை மாற்றாமல் செடியைக் குறைப்பதாக இருக்கிறேன்: கணுவும் காற்றுவேரும் சேர்ந்து வரும்படி தலையை வெட்டி, வேரில் கால்பங்கு கழித்து, புதுக் கலவை போட்டு அதே தொட்டிக்கே. வெட்டும் துண்டுகளில் ஒன்றுக்கு மாடி வீட்டு அக்கா இப்போதே சொல்லி வைத்துவிட்டார். மட்டைத் துண்டை ஊறவைக்கும் வேலை அவர் பொறுப்பு என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.