டர்பனிலிருந்து அமெரிக்க பயோடெக் பங்குகள்: நீண்ட காலம் வைத்திருந்து பார்த்ததில்

புது மருந்து கண்டுபிடிக்க முயலும் பயோடெக் கம்பெனிகளின் பங்கில் பணம் விடுபவர்கள் அறிவியல் புரியாமல் விடுவது குறைவு. கம்பெனி கையில் எத்தனை மாதத்துக்குக் காசு இருக்கிறது என்று பார்க்காமல் விடுவதுதான் அதிகம்.

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் காலாண்டு அறிக்கை இலவசம். ரொக்கத்தையும் குறுகிய கால முதலீட்டையும் கூட்டி, ஒரு காலாண்டில் செயல்பாடுகளுக்குச் செலவான பணத்தால் வகுக்க வேண்டும். 18 கோடி டாலர் இருந்து, காலாண்டுக்கு 3 கோடி போனால் ஆறு காலாண்டு தாங்கும். நான்குக்குக் கீழே வந்தால் புதுப் பங்கு வெளியீடு நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மருந்துச் சோதனை முடிவு நன்றாக வந்து விலை ஏறிய அன்று மாலையே அந்த வெளியீட்டை அறிவிக்கவும் கூடும். பங்குகள் பெருகினால் ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கும். நல்ல சேதிக்குப் பின் விலை இறங்குவதன் ரகசியம் பல நேரம் இதுதான். வகுக்கும்போது நிகர நஷ்டத்தை எடுக்க வேண்டாம், பங்காகக் கொடுத்த சம்பளமும் அதில் கலந்திருக்கும். பணப்புழக்க அறிக்கையின் எண்தான் சரி. அதுவும் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டியே வருவதால், முந்தைய அறிக்கையின் எண்ணைக் கழித்தால்தான் ஒரு காலாண்டுச் செலவு கிடைக்கும்.

குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸை நம்ப வேண்டாம். நியூயார்க் திறப்பது நமக்கு மாலை 3.30, அங்கே குளிர்காலமானால் 4.30. சோதனை முடிவுகள் பெரும்பாலும் அதற்கு முன்பே வெளியாகிவிடும். 2019 மார்ச் 21 அன்று அடுகானுமாப் என்ற அல்சைமர் மருந்தின் சோதனைகளை நிறுத்துவதாக அறிவித்த பயோஜென், ஒரே நாளில் ஏறக்குறைய 30 சதவீதம் விழுந்தது. 15 சதவீதத்தில் ஸ்டாப் போட்டிருந்தாலும், சந்தை திறந்தபோது இருந்த விலைதான் கிடைத்திருக்கும். இத்தனைக்கும் அது லாபத்தில் ஓடும் பெரிய கம்பெனி. ஒற்றை மருந்தை நம்பியிருக்கும் சிறு கம்பெனியில் 70 சதவீத வீழ்ச்சிகூட ஆச்சரியமில்லை. ஆகவே அளவுதான் காப்பு: பயோடெக்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்குக்கு 4 சதவீதம், இரண்டாம் கட்டச் சோதனையில் இருப்பதற்கு 2.

மிச்சம், பல பங்குகளை ஒரே தொகுப்பாக வாங்க உதவும் இடிஎஃப்பில். ஐபிபி என்ற பயோடெக் இடிஎஃப் பெரிய கம்பெனிகள் பக்கம் சாயும். எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பணம் ஒதுக்கும் எக்ஸ்பிஐ என்ற இடிஎஃப்பில் ஆட்டம் அதிகம். 2021 பிப்ரவரியில் 170 டாலரைத் தாண்டிய எக்ஸ்பிஐ, 2022 மே மாதம் 65க்குக் கீழே கிடந்தது. பரவலாக வாங்கினால் போதும் என்பவர்கள் இதையும் பார்க்கட்டும். ஊர்ப்பாசத்தில் டர்பன் கம்பெனியான ஆஸ்பெனை வாங்கி பயோடெக் கணக்கில் சேர்ப்பதும் சரியில்லை. அது மருந்து தயாரித்து விற்கும் கம்பெனி, ரிஸ்க்கே வேறு.

வரியில் பலர் சறுக்கும் இடம் ரேண்ட் கணக்கு. தனிநபர் டாலரில் வாங்கி டாலரில் விற்றால், மூலதன லாபத்தை டாலரிலேயே கணக்கிட்டு, விற்ற நாளின் மாற்று விகிதத்திலோ அந்த வரியாண்டின் சராசரியிலோ ரேண்டுக்கு மாற்ற வேண்டும். இடையில் ரேண்ட் விழுந்ததால் வந்த லாபத்துக்கு வரி கிடையாது. ரேண்ட் வலுத்ததால் வந்த நஷ்டத்தையும் காட்ட முடியாது. வரியாண்டு முடியும் பிப்ரவரிக் கடைசியில் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, அதே பங்கை 45 நாளுக்குள் திரும்ப வாங்கினால் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் அந்த நஷ்டத்தை அப்போது ஏற்காது. புதிதாக வாங்கிய பங்கின் அடக்க விலையில்தான் அது சேரும்.