பி53 என்ற பெயரில் செத்த புரதம், ரூ.38,500 போச்சு: வேலூர் லேப்காரங்க கவனத்துக்கு

வேலூர், காட்பாடி பக்கம் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் (டிஎன்ஏவில் ஒட்டி ஜீன்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதம்) வேலை செய்யறவங்க அடுத்த ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. நான் வாங்கினது ரீகாம்பினன்ட் (ஜீனை வேற செல்லில் ஏத்தித் தயாரிச்ச) மனித பி53, புற்றுநோயைத் தடுக்கிற ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், முழு நீளம், 20 மைக்ரோகிராம், விலை ரூ.38,500. வித்தது, பல வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்கை ஒரே தளத்தில் அடுக்கி வச்சிருக்கும் இடைத்தரகர் ரகம்.

நம்ப வச்சது அவங்க விற்பனை ஆளோட ஃபோன் பேச்சுதான். "சார், கணக்குப்படி 43.7 கிலோடால்டன்தான், ஆனா ஜெல்லில் 53 கிட்டதான் ஓடும், பயந்துடாதீங்க"ன்னு அந்த ஆளே எடுத்துச் சொன்னாரு. அது உண்மை: புரதங்களை எடைவாரியா பிரிக்கும் ஜெல்லில் பி53 நிஜ எடையைவிடக் கனமாத் தெரியும். விஷயம் தெரிஞ்சவர்னு யாருக்கும் தோணும். "டிரை ஐஸ் இல்லாம ஒரு வயல் (சின்னக் குப்பி) கூட வெளிய போகாது, முழு அட்வான்ஸ் போட்டா உடனே கிளம்பிடும்." கூடவே ஒரு அனாலிசிஸ் சர்டிபிகேட்: சுத்தம் 90 சதவீதத்துக்கு மேல், கேரியர் புரதம் (கெடாம இருக்கக் கலக்கும் வேற புரதம்) கிடையாது, அழகா ஒத்தைக் கோட்டோடு ஜெல் படம். பணம் போனது.

பெட்டி வந்தது 40 டிகிரி வெயிலில். உள்ளே டிரை ஐஸ் இருந்த சுவடே இல்லை. நாலு ஜெல் பேக், நாலும் உருகி வெதுவெதுன்னு. பி53-இன் டிஎன்ஏ பிடிக்கும் பகுதி 37 டிகிரியிலேயே நிமிஷக் கணக்கில் குலைய ஆரம்பிச்சிடும். அதைத் தாங்கிப் பிடிக்கிற துத்தநாக அணு நழுவினா புரதம் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டிக்கும். வயலை 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜில் சுத்தினா அடியில் வெள்ளைப் படிவு. வயலில் ஒரு லாட் (தயாரிப்புத் தொகுதி) நம்பர், சர்டிபிகேட்டில் வேறொண்ணு.

எஸ்டிஎஸ் ஜெல்லில் 53 கிட்ட மங்கலா ஒரு கோடு, 66-இல் தடியா இன்னொண்ணு. அது பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் மலிவான ஆல்புமின் புரதம்), வேற என்ன! பிராட்ஃபோர்டில் (மொத்தப் புரதத்தைச் சாயம் வச்சு அளக்கும் முறை) அளவு சரியா வர இந்தக் கலப்படமே போதும். பிஎஸ்ஏ ஸ்டாண்டர்டு வரிசையோடு ஒப்பிட்டா உண்மையான பி53 சொன்னதில் பாதிகூட தேறாது.

அடுத்து ஜெல் ஷிஃப்ட்: ப்ரோப்னு சொல்ற டிஎன்ஏ துண்டைப் புரதம் பிடிச்சா, அது ஜெல்லில் மெதுவா நகர்ந்து மேலேயே நிக்கும். 6 சதவீத நேட்டிவ் ஜெல், 0.5 மடங்கு டிபிஇ பஃபர், குளிர் அறையில் ஓட்டம். பயோட்டின் ஒட்டிய பி21 புரோமோட்டர் (பி53 ஒட்டும் ஜீன் பகுதி) ப்ரோப், வேண்டாத ஒட்டலைத் தடுக்கும் பாலி டிஐ-டிசி, புரதம் ஆக்சிஜனேறாம காக்கும் டிடிடி எல்லாம் உண்டு. டாக்ஸோரூபிசின் (பி53-ஐத் தூண்டும் மருந்து) கொடுத்த செல்லோட நியூக்ளியர் எக்ஸ்ட்ராக்ட் (செல் கருவிலிருந்து எடுத்த புரதக் கலவை) அதே ப்ரோப்பில், அதே ஜெல்லில் தெளிவா ஷிஃப்ட் காட்டுது; 100 மடங்கு லேபிள் இல்லாத ப்ரோப் போட்டா அந்தக் கோடு மறையுது, அதாவது ஷிஃப்ட் நிஜம்தான். இவங்க புரதம் போட்ட லேன்களில் ப்ரோப் முழுக்க அடியிலேயே நிக்குது. முழு நீள பி53 சில சமயம் சோம்பிக் கிடக்கும், சி முனையில் பிடிக்கிற பிஏபி421 ஆன்டிபாடி சேர்த்தா எழும்னு தெரிஞ்சவங்க கேப்பீங்க. அதையும் சேர்த்தாச்சு. எழல.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. முதல்ல "உங்க பஃபரைப் பாருங்க சார்." ஜெல் படங்களை அனுப்பினா "டெக்னிக்கல் டீம் பாக்கறாங்க." அந்த டீம்ல ஒருத்தரும் லைனுக்கே வரல. டிரை ஐஸ் எங்கேன்னு கேட்டா "கூரியர்காரங்க தப்பு". கூரியரைக் கேட்டா, புக்கிங்கில் டிரை ஐஸ்னே போடலையாம். லாட் நம்பர் ஏன் மாறுச்சுன்னு கேட்டதும் "டைப்பிங் மிஸ்டேக்." கடைசியில் "48 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணும், ஓப்பன் பண்ண வயலுக்கு ரீஃபண்ட் கிடையாது." ஓப்பன் பண்ணாம எப்படிய்யா டெஸ்ட் பண்றது? ரூ.38,500, புராஜெக்டோட கன்ஸ்யூமபிள்ஸ் பணம். நிதி கொடுத்தவங்களுக்குக் காட்டும் யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்டில் அது செலவாத்தான் ஏறும்.

எப்படி வாங்கணும்னு விரிவா எழுத நினைச்சேன், இப்போ கை ஓடல. அவசரத்துக்கு இது போதும். ஜெல் படத்தை நம்பாதீங்க, அதில் செத்த புரதமும் கோடு காட்டும். அந்த லாட்டுக்கே டிஎன்ஏ பிடிப்பு டேட்டா கேளுங்க. லாட் நம்பரைத் தயாரிப்பாளருக்கே மெயில் போட்டு சரிபாருங்க. டிரை ஐஸும் டெம்பரேச்சர் லாகரும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்க. வெள்ளிக்கிழமை அனுப்ப விடாதீங்க, ஞாயிறு முழுக்க கிடங்கில் வேகும். கூரியர் ஆள் நிக்கும்போதே பெட்டியைத் திறந்து வீடியோ எடுங்க. முழு அட்வான்ஸ் கேட்டா ஃபோனை வச்சிடுங்க.