அடுக்கு எண் சொல்லித்தர அரிசியா, செய்தித்தாளா?

ஏழாம் வகுப்பில் அடுக்குகள் (2⁷-இல் 7 போல) தொடங்கும்போது, சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக 1, 2, 4 என்று அரிசி வைப்பதா, பேப்பரைப் பாதி பாதியாக மடிப்பதா என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மயிலாப்பூரில் டியூஷன் எடுக்கும் நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன்.

செலவு: ஒரு கைப்பிடி அரிசி, நேற்றைய பேப்பர். இரண்டும் ஒன்றுதான்.

நேரம்: அரிசியில் 8-ஆம் கட்டத்துக்கே 128 மணிகள். ஃபேன் காற்றில் சிதறினால் மறுபடி எண்ண வேண்டும். பேப்பருக்கு ஐந்து நிமிடம். ஆறு மடிப்பு முடிந்து ஏழாவதுக்கு முழங்காலை வைத்து அழுத்துவார்கள், அப்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்!

குழப்பம்: இதுதான் முக்கியம். அரிசியில் 8-ஆம் கட்டத்தில் இருப்பது 2⁷. கட்ட எண்ணும் அடுக்கும் ஒன்று தள்ளிப் போகும். பேப்பரில் 7 மடிப்பு என்றால் 2⁷. மடிக்காத தாள் ஒன்று, அதனால் 2⁰ = 1 என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் மடித்த தாளைக் காட்டி '128 அடுக்கு' என்று சொல்லிவிடாதீர்கள். அடுக்கு 7, மதிப்பு 128. நான் '128 தாள்' என்றே சொல்வேன்.

பிரமிப்பு: அரிசியில் கடைசி, 64-ஆம் கட்டத்தில் 2⁶³, 19 இலக்க எண். 0.1 மி.மீ. தாளை 42 முறை மடிக்க முடிந்தால் உயரம் நிலவின் தூரத்தைத் தாண்டும்.

முதல் வகுப்புக்கு பேப்பர். பெரிய எண்களை 10-இன் அடுக்கில் எழுதப் பழக்கும்போது அரிசி. பத்தாம் கட்டத்தோடு நிறுத்தி, மீதியை நோட்டில் போடச் சொல்லுங்கள்.